உச்சத்தில் கத்தாமல் பாட: பெல்டிங்குக்குத் தொண்டையையும் அண்ணத்தையும் பழக்குவது எப்படி?

பேசும்போது குரலுக்கு இருக்கிற கனத்தையும் துலக்கத்தையும் மேல் சுரங்கள் வரை விடாமல் கொண்டுபோய்ப் பாடுவதைத்தான் பெல்டிங் என்கிறார்கள். மேலே ஏறும்போது குரல் மெலிந்து, நம் பாட்டு வாத்தியார்கள் கள்ளக் குரல் என்று சொல்லும் பக்கம் ஒதுங்கிவிடாது. கேட்பவருக்கு யாரோ நெஞ்சைத் திறந்து கூப்பிடுவது போலவே இருக்கும்.

இந்தப் பாணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நியூயார்க்கின் பிராட்வே இசை நாடக மேடை. 1930இல் அங்கே ஆல்வின் தியேட்டரில் எதெல் மெர்மன் பாட வந்தபோது மேடையில் மைக் கிடையாது. பக்க வாத்தியங்களைத் தாண்டி, பாட்டின் ஒவ்வொரு சொல்லும் பின்வரிசைக்குப் புரிய வேண்டும். அதே காலத்தில் நம் பக்கத்திலும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் உச்ச ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே பாணி இல்லை. ஆனால் தேவை ஒன்றுதான்.

இன்றைக்கு மைக் இருக்கிறது, இருந்தும் இந்தக் குரலுக்கு மவுசு குறையவில்லை. சினிமாப் பாட்டு, ராக், போட்டி நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் பாட்டு உச்சத்தைத் தொடும் இடத்தில் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு நேராகக் கத்தத் தொடங்குகிறார்கள். நாலு நாளில் குரல் கம்மிப்போகிறது.

எந்தச் சுர எல்லையைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்வோம். ஐந்து கட்டையில் (கட்டை என்பது ஆதார ஷட்ஜம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்கான கணக்கு) பாடும் ஒரு பெண்ணுக்கு மேல் ஷட்ஜம் 392 ஹெர்ட்ஸ், மேல் மத்தியமம் 523, மேல் பஞ்சமம் 587. பெல்டிங் பாட்டுகளில் பெண்களின் உச்ச இடங்கள் பெரும்பாலும் இந்த மேல் ரிஷபத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையில்தான் வரும். ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு மேல் ஷட்ஜம் 262, மேல் பஞ்சமம் 392. அங்கே காந்தாரம், மத்தியமத்திலேயே திணறல் தொடங்கிவிடும். 440 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் பிடித்தால் குரல்வளைக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்பும் மடிப்புகளான குரல்நாண்கள் நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பொருள். பெல்டிங்கில் அவை ஒவ்வொரு சுற்றிலும் மூடியிருக்கும் நேரமும் அதிகம். அதனால் அந்த மோதல் தேவைக்கு மேல் ஒரு துளிகூட முரட்டுத்தனமாக இருக்கக் கூடாது.

இங்கேதான் தொண்டையும் அண்ணமும் வருகின்றன. சத்தம் பிறப்பது குரல்நாணில், அது பெரிதாவது அதற்கு மேலே உள்ள குழாயில். தொண்டை, வாய், நாக்கு, அண்ணம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் குழாய். குழாயின் வடிவம் சரியில்லை என்றால் சத்தம் வீணாகும். வீணானதை ஈடுகட்ட நாம் நம்மை அறியாமலே கீழே அழுத்துவோம். அடிபடுவது குரல்நாண். பெல்டிங்கைப் பாதுகாப்பாகப் பழகுவது என்றால், அழுத்தம் தேவைப்படாத அளவுக்கு மேலே உள்ள வடிவத்தைச் சரிசெய்துகொள்வதுதான்.

உறுப்புகளைத் தேடிப் பிடியுங்கள்

ஜோ எஸ்டில் என்ற அமெரிக்கப் பாடகி பிற்காலத்தில் குரல் ஆய்வில் இறங்கினார். குரலின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக அசைக்கப் பழக்க முடியும் என்பதை வைத்து 1980களில் ஒரு பயிற்சி முறையையே உருவாக்கினார். அந்த அணுகுமுறை புதியவர்களுக்கு மிகவும் உதவும் என்பது என் கருத்து. “அடிவயிற்றிலிருந்து பாடு”, “தொண்டையைத் திற” என்று பொதுவாகச் சொன்னால் எதை அசைப்பது என்று யாருக்கும் தெரியாது.

கழுத்தின் முன்பக்கம் ஒரு விரலை மெதுவாக வையுங்கள். எச்சில் விழுங்கினால் ஒரு மேடு மேலே போய் இறங்கும். அதுதான் குரல்வளை. கொட்டாவி விட்டால் அது கீழே இறங்கும். விரலால் அழுத்தவோ பிடிக்கவோ வேண்டாம், தொட்டுப் பார்த்தால் போதும். சாதாரணமாகப் பேசும்போது அது எங்கே நிற்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மேலண்ணம். நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்த்துங்கள். கெட்டியான பகுதி முடிந்து ஒரு மெத்தென்ற பகுதி வரும். அதுதான் மெல்லண்ணம். அதன் நுனியில் உள்நாக்கு தொங்குகிறது. கண்ணாடி முன் நின்று, செல்போன் டார்ச்சை வாய்க்குள் அடித்து, “கா, கா” என்று சொல்லிப் பாருங்கள். உள்நாக்கு மேலே ஏறுவது தெரியும். மூக்கால் மூச்சு விட்டால் கீழே இறங்கும். மெல்லண்ணம் மேலே ஏறினால் மூக்குக்குப் போகிற வழி அடைபடும். இறங்கினால் திறந்துகொள்ளும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். கனமான பெட்டியைத் தூக்கும்போது “ஹ்ம்” என்று மூச்சை அடக்குகிறோமே, அப்போது இறுகுவது அவைதான். பாடும்போதும் இறுகினால் குரல் நெரிந்து, கரகரத்துக் கேட்கும். இவற்றை விலக்கி வைக்கச் சுலபமான வழி, சத்தம் வராமல் சிரிப்பது. வகுப்பில் அடக்க முடியாத சிரிப்பு வந்தால் சத்தம் வராமல் குலுங்குவோமே, அந்த நிலை. காதுகளைப் பொத்திக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுங்கள். “ஹா” என்ற இரைச்சல் கேட்டால் உள்ளே ஏதோ குறுகியிருக்கிறது. மெளனச் சிரிப்பைச் சேர்த்தால் அந்த இரைச்சல் போய்விடும். அந்த இடத்தைத் தினமும் தேடிப் பிடியுங்கள். இனிச் செய்யப்போகிற ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் இது வேண்டும்.

அண்ணத்தை ஏன் உயர்த்த வேண்டும்?

மூக்கின் வழி திறந்திருந்தால் ஒலியின் ஒரு பகுதி அங்கே நுழைந்து உறிஞ்சப்பட்டுவிடும். ம், ன் போன்ற எழுத்துகளுக்கு அது வேண்டியதுதான். ஒரு ‘ஆ’வை உச்சத்தில் நிறுத்தும்போது அப்படி நடந்தால் குரல் மங்கி, அடைத்த மாதிரி கேட்கும். உடனே பாடுகிறவர் இன்னும் கொஞ்சம் அழுத்துவார். சேதம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

சோதனை மிக எளிது. நடு ஸ்தாயியில் ஒரு ‘ஆ’ பிடித்துக்கொண்டு, மூக்கை இரண்டு விரலால் மூடித் திறந்து, மூடித் திறந்து பாருங்கள். ஒலி கொஞ்சம்கூட மாறாவிட்டால் அண்ணம் மேலே இருக்கிறது. மூடும்போது ஒலி அடைத்துக்கொண்டால் கீழே இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு சுரமாக மேலே போய் இதையே செய்யுங்கள். பலருக்குக் கீழே சரியாக இருந்துவிட்டு, கஷ்டமான சுரம் வந்தவுடன் அண்ணம் தளர்ந்துவிடும்.

பயிற்சிக்கு ‘மாங்கா’ என்ற சொல்லே போதும். ‘ங்’ சொல்லும்போது அண்ணம் இறங்கி மூக்கு வழி திறக்கிறது. அடுத்த ‘கா’வுக்கு அண்ணம் மேலே ஏறி வழி மூடுகிறது. “மாங்ங்ங்… கா” என்று ‘ங்’கை நீட்டி, ‘கா’வுக்குத் தாவும்போது உள்ளே நடக்கும் அந்தச் சின்ன அசைவைக் கவனியுங்கள். அப்புறம் ‘கா’வை நீட்டி, மூக்கைப் பொத்திச் சோதியுங்கள். சில நாளில் சொல்லின் உதவி இல்லாமலே அண்ணத்தை ஏற்றி வைக்கத் தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. அண்ணத்தை உயர்த்தக் கொட்டாவி விடுவது போல வைத்துக்கொள் என்று பல இடங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். மேற்கத்திய ஆப்ரா பாட்டுக்கு அது பொருந்தலாம். கொட்டாவியில் அண்ணம் மட்டுமா உயர்கிறது? குரல்வளையும் இறங்குகிறது, நாக்கின் அடிப்பகுதியும் பின்னே போகிறது. பெல்டிங்குக்கு இந்த இரண்டும் நேர் எதிரி. அண்ணம் மட்டும் தனியாக ஏற வேண்டும். அதற்குத்தான் கொட்டாவியை விட்டுவிட்டு ‘மாங்கா’வுக்கு வந்தோம்.

தொண்டையை எவ்வளவு திறப்பது?

பெல்டிங்கில் தொண்டை அகலமாக இருக்காது. நன்றாகப் பெல்ட் செய்கிறவர்களிடம் குரல்வளை பேச்சு நிலையைவிடச் சற்று மேலே நிற்கும், தொண்டைக் குழி ஆப்ரா பாடகருடையதைவிடக் குறுகலாக இருக்கும், வாய் நன்றாகத் திறந்திருக்கும். “தொண்டை திறந்திருக்கட்டும்” என்று சொன்னால் நெரிப்பு இல்லாமல் இருக்கட்டும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது, பொய்க் குரல்நாண்கள் விலகியிருந்தால் போதும்.

குரல்வளை மேலே போவதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சுருதி ஏறும்போது அது தானாகவே கொஞ்சம் மிதந்து ஏறும், விட்டுவிடுங்கள். வலுக்கட்டாயமாகக் கீழே பிடித்து வைத்தால் நாக்கின் அடிப்பகுதி அதன் மேல் உட்கார்ந்து அமுக்கும். அதே சமயம் தாடைக்கு அடியில் போய் முட்டிக்கொள்ளும் அளவுக்கு ஏறினால் அதுவும் தப்பு. தாடைக்கும் தொண்டைக்கும் நடுவே, கீழிருந்து கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். பாடும்போது அந்த இடம் கல் மாதிரி இறுகினால் நாக்கு வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். லேசாக அசைந்தாலும் மிருதுவாக இருக்க வேண்டும்.

நாக்கு எங்கே இருக்க வேண்டும்? ‘யே’ என்று சொல்லுங்கள். நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால், ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களைத் தொட்டுக்கொண்டு, முதுகு உயர்ந்திருக்கும். பெல்டிங்குக்கு அதுதான் வீடு. ‘ஆ’ பாடும்போதும் அந்த நிலையிலிருந்து அதிகம் விலகாமல் தாடையை மட்டும் கீழே விடப் பழகுங்கள்.

இன்னொரு குறுகல் மிகவும் தேவை. குரல்நாண்களுக்கு நேர் மேலே, குரல்வளையின் வாய்ப்பகுதி சிறிது சுருங்கினால் ஒலியில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி தூக்கலாகிறது. மனிதக் காது அந்தப் பகுதியில்தான் மிகவும் கூர்மை. மூச்சைக் கூட்டாமலே குரல் கணீரென்று தூரம் போகும். இதற்கு ட்வாங் என்று பெயர். பூனை போல “மியாவ்” என்று கூச்சமே இல்லாமல் சொல்லிப் பாருங்கள். பிறந்த குழந்தையின் அழுகையிலும் இது இருக்கிறது. அவ்வளவு சின்ன உடம்பு தெரு முழுக்கக் கேட்கும்படி மணிக்கணக்கில் அழ முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். ட்வாங்கை மூக்கொலி என்று பலர் குழப்பிக்கொள்வார்கள். ‘யாவ்’ பகுதியை நீட்டி மூக்கைப் பொத்துங்கள். கூர்மை அப்படியே இருந்தால் அது ட்வாங், அடைபட்டால் மூக்கு.

கூப்பிடுவதிலிருந்து பாடுவதற்கு

இனி எல்லாவற்றையும் சேர்க்கலாம். காலையில் தெருவில் “கீரேய்ய்…” என்று கூவிப் போகும் அம்மாவின் குரலைக் கவனித்திருக்கிறீர்களா? ‘ஐ’யை ‘ஏ’ ஆக்கி, துலக்கமாக, நெரிப்பு இல்லாமல், மூன்று மாடிக்குக் கேட்கிற மாதிரி. பெல்டிங்கின் விதை அங்கே இருக்கிறது.

மூச்சை நிறைய இழுக்காதீர்கள். இது புதியவர்களுக்கு நம்பக் கஷ்டமான விஷயம். பெல்டிங்கில் குரல்நாண்கள் அதிக நேரம் மூடியிருப்பதால் வெளியே போகிற காற்று குறைவு. நெஞ்சு முட்ட இழுத்துவிட்டால் அந்தக் காற்றை அடைத்து வைக்கப் பொய்க் குரல்நாண்கள் உதவிக்கு வந்துவிடும். திடீரென்று நண்பரைப் பார்த்து வியக்கும்போது எடுக்கிற சின்ன மூச்சு போதும்.

மெளனச் சிரிப்பு. சின்ன மூச்சு. தெருவின் அந்தக் கோடியில் நிற்கிற தோழனை “டேய்!” என்று கூப்பிடுங்கள், கோபத்தோடு வேண்டாம், பார்த்துவிட்ட சந்தோஷத்தோடு. கோபம் தொண்டையை நெரிக்கும், சந்தோஷம் திறந்துவிடும். ‘ட’ சொல்லும்போது அண்ணம் தானே மூடிக்கொள்ளும், ‘ஏ’ நாக்கை உயரத்தில் வைக்கும். இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இப்போது அதை நீட்டிச் சுரமாக்குங்கள். மேல் ஷட்ஜத்துக்கு ஒன்றிரண்டு சுரம் கீழே தொடங்கி, அரை அரைச் சுரமாக ஏறுங்கள். “டேய், டேய், டேஏஏய்.” கழுத்தின் பின்பக்கம் நீண்டு, தோள்கள் கீழே இருக்கட்டும். உழைப்பு முதுகிலும் விலாவிலும் தெரியலாம். தொண்டையில் தெரியக் கூடாது. தொண்டைக்குள் உரசலோ இருமலோ வந்தால் இரண்டு சுரம் இறங்கி, சிரிப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

முதல் சில வாரங்களுக்கு உச்சத்தில் இப்படிப் பழகுவது ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மிச்ச நேரம் அண்ணம், நாக்கு, சிரிப்பு, கீழ் ஸ்தாயி என்று போகட்டும்.

உயிரெழுத்துதான் சாவி

குழாயின் வடிவம் மாறும்போது அது எந்த அதிர்வெண்ணுக்கு அதிகம் ஒத்துழைக்கிறது என்பதும் மாறும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு தள்ளலிலேயே உயரப் போகிறதே, அது போன்ற ஒத்துழைப்பு இது. நாம் 440 ஹெர்ட்ஸில் பாடினால் குரலில் 880, 1320 என்று மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. பெல்டிங்கில் அந்த இரண்டாவது மடங்குக்குக் குழாயின் முதல் ஒத்ததிர்வு துணை நிற்க வேண்டும். பெண் குரலில் ‘ஆ’வுக்கு அந்த ஒத்ததிர்வு ஏறக்குறைய 800, 900 ஹெர்ட்ஸில் இருப்பதால் 440இல் பெல்ட் செய்வது சுகமாக இருக்கிறது. மேல் பஞ்சமமான 587க்குப் போனால் இரண்டாவது மடங்கு 1174. அதை எட்டிப்பிடிக்க ஒத்ததிர்வை உயர்த்த வேண்டும். வாயை இன்னும் திறப்பதும், குரல்வளையைக் கொஞ்சம் ஏறவிட்டுக் குழாயைச் சுருக்குவதும்தான் அதற்கு வழி. குரல்வளையைக் கீழே பிடித்துக்கொண்டு பெல்ட் செய்யப் போராடுகிறவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

‘ஈ’, ‘ஊ’ இரண்டுக்கும் அந்த முதல் ஒத்ததிர்வு 300, 400 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கிறது. உச்சத்தில் சுத்தமான ‘ஈ’ வைத்துப் பெல்ட் செய்ய முயன்றால் குழாய் உதவாது, குரல்நாண் தனியாகத் தவிக்கும். ஆகவே உயிரெழுத்தைக் கொஞ்சம் திறக்க வேண்டும். ‘ஈ’யை ‘ஏ’ பக்கம் சாயுங்கள், ‘ஊ’வை ‘ஓ’ பக்கம், ‘ஓ’வை ‘ஆ’ பக்கம். “நீ” என்பது பாடுகிறவர் காதுக்கு “நே” மாதிரித் தோன்றும், கேட்கிறவருக்கு “நீ” என்றே புரியும். கர்நாடக சங்கீதத்தில் அகாரமாகப் பாடிப் பழகியவர்களுக்குத் திறந்த ‘ஆ’ ஏற்கெனவே கைவசம் இருப்பது பெரிய அனுகூலம்.

தமிழ் வரிகளில் வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. நம் சொற்கள் நிறைய ‘ம்’, ‘ன்’னில் முடிகின்றன. பேச்சில் “அவன்”, “வரும்” என்று சொல்லும்போது அந்த மெய் பாதி கரைந்து, முன்னால் இருக்கிற உயிரே மூக்கொலியாகிவிடும். அதே பழக்கத்தில் “வானம்” என்று உச்சத்தில் நீட்டினால் அண்ணம் முன்கூட்டியே இறங்கி, ‘ன’வுக்குப் பிந்தைய ‘அ’ முழுக்க மூக்குக்குள் போய்விடும். மூக்கைப் பொத்திக்கொண்டு “வான…” வரை பாடுங்கள், அந்த ‘அ’ அடைபடாமல் நிற்க வேண்டும். கடைசி நொடியில் விரலை எடுத்து ‘ம்’மை மூடுங்கள்.

இன்னொன்று ழ, ள, ண. நாக்கு நுனி மடிந்து பின்னே போகும்போது அடிநாக்கும் கூடவே போய்க் குரல்வளையை அமுக்கக்கூடும். “வாழ்” என்பதை நீட்டும்போது நீளம் எல்லாம் ‘வா’வில் இருக்கட்டும். ழகரத்தைச் சுருக்கமாக, நுனியால் மட்டும், முடிவில் தொட்டுவிடுங்கள்.

பயிற்சி முடிந்ததும்

அப்படியே எழுந்து போகாதீர்கள். ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் ஒரு விரற்கடை ஆழம் விட்டு, “ஊ” என்று குமிழி வரும்படி மேலும் கீழும் சறுக்கிப் பாடுங்கள், இரண்டு மூன்று நிமிடம். ஸ்ட்ராவில் உண்டாகும் எதிரழுத்தம் குரல்நாண்கள் மென்மையாக அதிர உதவும். அதற்குப் பிறகு மேல் ஸ்தாயியில், தூங்குகிற குழந்தை விழிக்காத அளவு மெல்லிய குரலில், இரண்டு வரி பாடிப் பாருங்கள். காலையில் வந்த சுரம் இப்போது மெல்லிய குரலில் வரவில்லை, காற்று மட்டும் வருகிறது என்றால் குரல்நாண் வீங்கியிருக்கலாம். அன்றைக்கும் மறுநாளும் பெல்டிங்குக்கு விடுமுறை. பலமாகப் பாடும்போது இந்த வீக்கம் தெரியாது, மெல்லப் பாடினால்தான் காட்டிக்கொடுக்கும்.

அதிமதுரம், மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும், சாப்பிடுங்கள். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய் வழியே போகிறது. மிளகைக் கடித்துக்கொண்டு வலியோடு பாடிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதும் ஆவி பிடிப்பதும் உதவும். காறிக்காறித் தொண்டையைச் சரிசெய்யும் பழக்கத்தை விடுங்கள், அதுவும் ஒரு மோதல்தான். இரவு தாமதமாகக் காரமாகச் சாப்பிட்டு உடனே படுக்கிறவர்களுக்கு அமிலம் மேலேறிக் காலையில் குரல் கரகரக்கும்.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பாடும்போது வலி வந்தாலோ, ஒரு மேல்சுரம் திடீரென்று ஒரே நாளில் காணாமல் போனாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பாடகர் என்று சொல்லி, ஸ்ட்ரோபோஸ்கோப்பி வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். குரல்நாண்கள் அதிர்வதை மெதுவாக்கிக் காட்டும் சோதனை அது, வலி இருக்காது. குரல்நாணில் முடிச்சு ஆரம்ப நிலையில் இருந்தால் ஓய்வும் குரல் சிகிச்சை நிபுணரின் உதவியுமே பெரும்பாலும் போதும், கத்தி தேவைப்படாது. அந்த ஓய்வுக் காலத்தில் மெளனச் சிரிப்பையும், சத்தமில்லாமல் அண்ணத்தை ஏற்றி இறக்குவதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடரலாம்.